ஒரே கணக்கில் இரு கைகள்

கிராமங்களின் கணக்குகள் பலவும் இன்று ஏட்டை விட்டுக் கணிப்பொறிக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு ஆகியவற்றை இணையத்தின் வாயிலாகவே நாம் பார்வையிடுகிறோம். ஊராட்சிகளின் திட்டங்களையும் செலவுகளையும் பதிவு செய்வதற்கென மத்திய அரசு ‘இ-கிராம சுவராஜ்’ என்னும் இணைய ஏற்பாட்டை 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், தேசியப் பஞ்சாயத்து ராஜ் தினத்தன்று தொடங்கிற்று. பத்திரம் பதிவானதும் பட்டா மாறுதல் கோரிக்கை பதிவு அலுவலகத்திலிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இணைய வழியே சென்றடையும் வசதியும் ஏற்பட்டுள்ளது. இவற்றால் உழவர்களுக்கு அலைச்சல் குறைந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.

எனினும், புதிய வசதி ஒவ்வொன்றும் புதிய பொறுப்பு ஒன்றையும் உடன்கொண்டு வருகிறது. ஏடு ஒருவர் கையில் மட்டுமே இருக்கக்கூடும். கணிப்பொறியில் உள்ள பதிவோ ஒரே நேரத்தில் பத்து மேசைகளில் திறந்திருக்கக்கூடும். ஒரே பதிவை இருவர் ஒரே வேளையில் திருத்தினால் என்ன ஆகும்? யாருடைய திருத்தம் நிற்கும்? நில்லாது போனவருக்கு அச்செய்தி தெரியுமா? பார்வைக்குச் சிறியனவாகத் தோன்றும் இக்கேள்விகளில் உழவர் ஒருவரின் பயிர்க்கடனும், ஊராட்சி ஒன்றின் நற்பெயரும் அடங்கியிருக்கின்றன. ஆதலின், இத்தகைய பிணக்கு எவ்வாறு நேர்கிறது, அதனைக் கணிப்பொறியைக் கொண்டே கண்டறிவது எங்ஙனம் என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

பிணக்கு நேரும் விதம்

தேனி மாவட்டத்தில், போடி மேற்கு மலைகளின் அடிவாரத்தில் பொட்டிபுரம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 2 ஏக்கர் 40 சென்டு நிலம் உடைய உழவர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். நிலம் அவருடைய காலஞ்சென்ற தந்தையின் பெயரில் இருக்கிறது. வாரிசுரிமைப்படி பெயரை மாற்றித் தருமாறு அவர் மனுச் செய்திருக்கிறார். அந்த ஆண்டு அவர் மக்காச்சோளம் பயிரிட்டிருக்கிறார். விளக்கத்தின் எளிமையை முன்னிட்டு, நில உடைமையாளர் பெயரும் பயிர் விவரமும் கணிப்பொறியில் ஒரே பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

காலை 10 மணிக்குக் கிராம அளவில் பணிபுரியும் அலுவலர் ஒருவர், பயிரைப் பதிவு செய்வதற்காக அப்பக்கத்தைத் திறக்கிறார். 10.05க்கு வட்ட அலுவலகத்தில் உள்ள மற்றோர் அலுவலர், பெயரை மாற்றுவதற்காக அதே பக்கத்தைத் திறக்கிறார். இருவருக்கும் தந்தையின் பெயரே தெரிகிறது. 10.10க்கு வட்ட அலுவலர் மகனுடைய பெயரை எழுதிச் சேமிக்கிறார். ‘சேமிக்கப்பட்டது’ என்ற செய்தி வருகிறது. 10.20க்குக் கிராம அலுவலர் ‘மக்காச்சோளம்’ என்று எழுதிச் சேமிக்கிறார். அவருக்கும் அதே செய்தி வருகிறது.

இப்போது பதிவில் இருப்பது என்ன? பயிர் மக்காச்சோளம், பெயரோ மீண்டும் தந்தையுடையது! கிராம அலுவலர் பெயரைத் தொடவேயில்லை. ஆனால் அவர் சேமித்தபோது அவருடைய கணிப்பொறி பக்கம் முழுவதையும் அனுப்பிற்று. அந்தப் பக்கத்தில் 10 மணிக்கு இருந்த பழைய பெயரும் சேர்ந்தே சென்றது. பத்து நிமிடத்துக்கு முன் எழுதப்பட்ட புதிய பெயர் அதன் அடியில் மறைந்து போயிற்று.

இங்குக் குற்றவாளி எவரும் இல்லை. இருவரும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்தனர். எனினும், உழவர் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கும் நாளில், நிலம் இறந்தவர் பெயரில் இருப்பதாகப் பதில் வரும். அவர் மீண்டும் மனுச் செய்யவேண்டும். விதைப்புக் காலமோ எவருக்காகவும் காத்து நிற்பதில்லை. கணிப்பொறி வல்லுநர்கள் இதனை ‘இழந்த திருத்தம்’ என்ற பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். திருத்தம் இழந்ததைக் காட்டிலும் கொடியது, அது இழக்கப்பட்டதை எவரும் அறியாமையே ஆகும்.

இதன் காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். திரையில் நாம் காண்பது பதிவு அன்று, பதிவின் நகல். அதனைத் திறந்த கணத்தில் எடுக்கப்பட்ட நகல். அதற்குப்பின் மூலம் மாறினாலும் நம் திரையில் உள்ள நகல் தானாக மாறுவதில்லை. இவ்வுண்மையை மறவாதிருந்தால் பின்னர்க் கூறப்படும் அனைத்தும் எளிதில் விளங்கும்.

பழைய ஏடு காத்த ஒழுங்கு

முற்காலத்தில் இப்பிணக்கு இல்லையா என்று கேட்கலாம். பரம்பரைக் கிராமக் கணக்கர் பதவிகள் தமிழ்நாட்டில் 1980ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டன. அதன்பின் கிராம நிருவாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். பழைய கணக்கர் காலத்திலும், அவருக்குப் பின்வந்தோர் ஏட்டில் எழுதிய காலத்திலும், அடங்கல் என்பது ஒரே புத்தகம். அது ஒருவர் கையில் இருக்கும்போது மற்றவர் அதில் எழுத இயலாது. புத்தகமே பூட்டாக இருந்து காத்தது.

ஆயினும் கிராமத்தில் ஒரு பிரதியும் வட்ட அலுவலகத்தில் ஒரு பிரதியுமாக வைக்கப்பட்ட பதிவேடுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவது உண்டு. அந்த மாறுபாட்டைக் கண்டுபிடிக்கவே ஜமாபந்தி என்னும் வருவாய்த் தீர்வாயம் ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. கிராமக் கணக்குகள் அனைத்தும் ஓரிடத்தில் கொணரப்பட்டு, ஒத்துப் பார்க்கப்படுகின்றன. பிணக்கு நேருவதை முற்றிலும் தடுக்க முடியாவிடினும், நேர்ந்ததைக் கண்டுபிடித்தே தீரவேண்டும் என்ற அறிவு நம் முன்னோரிடம் இருந்தது. அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை செய்த சோதனையைக் கணிப்பொறி ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஒரு நொடிக்குள் செய்யவேண்டும். இதுவே நாம் வேண்டுவது.

பூட்டி வைக்கும் முறை

இதற்கு வழிகள் இரண்டு உண்டு. முதலாவது, ஒருவர் பதிவைத் திறந்தவுடன் அதனைப் பூட்டிவிடுதல். ஒற்றைத் தண்டவாளத்தில் ரயில் செல்வதற்கு முன் ஓட்டுநரிடம் டோக்கன் கொடுக்கும் முறையை நம்மிற் பலர் அறிவோம். டோக்கன் வைத்திருக்கும் ரயில் மட்டுமே அப்பாதையில் நுழையலாம். மற்றது நிலையத்தில் காத்திருக்கவேண்டும். அதுபோலவே, பதிவை முதலில் திறந்தவருக்கே திருத்தும் உரிமை, மற்றவர் காத்திருப்பார்.

தரவுத்தளத்தின் உட்புறத்தில், நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும் வேலைகளுக்கு இம்முறை மிகப் பொருத்தமானது. பலர் ஒரே வேளையில் பயன்படுத்தினும் தரவு ஒழுங்கு குலையாதிருக்கப் பூட்டுகளை எவ்வாறு இடவேண்டும் என்பதை ஈஸ்வரன், கிரே, லாரி, டிரெய்கர் ஆகிய நால்வர் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் தெளிவாக வகுத்தனர். அவர்களுள் ஒருவரான ஜிம் கிரே இத்துறைப் பணிக்காகப் பின்னர் 1998ஆம் ஆண்டின் டூரிங் பரிசைப் பெற்றார்.

ஆனால், மனிதர் திரை முன் அமர்ந்து யோசித்து எழுதும் வேலைக்கு இப்பூட்டு அத்துணை நன்மை பயப்பதன்று. பதிவைத் திறந்தவர் உணவு கொள்ளச் சென்றுவிடலாம்; மின்சாரம் நின்றுவிடலாம்; திரையை மூடாமலே வீட்டுக்குப் போய்விடலாம். பூட்டு மட்டும் விழுந்தபடியே கிடக்கும். பூட்டு 15 நிமிடத்தில் தானாகத் திறந்துகொள்ளும்படி செய்யலாம் என்றால், 16ஆம் நிமிடத்தில் முதலாமவர் திரும்பிவந்து சேமிப்பாராயின் பழைய இடர்ப்பாடே மீண்டும் தலைதூக்கும். ஆதலின், பூட்டு இருப்பினும் கண்டறியும் முறை ஒன்று தேவையாகிறது.

திருத்த எண்

இரண்டாவது வழி, எவரையும் தடுக்காமல் விட்டு, சேமிக்கும் தருணத்தில் மட்டும் சோதித்தல். பெரும்பாலான வேளைகளில் இருவர் ஒரே பதிவைத் தொடுவதில்லை. ஆகவே எல்லோரையும் எப்போதும் காக்கவைப்பானேன் என்பது இதன் கருத்து. எச். டி. குங், ஜான் ராபின்சன் என்னும் அறிஞர் இருவர் இக்கொள்கையை 1981ஆம் ஆண்டு விரிவாக எழுதினர். ‘நல்லதையே எதிர்பார்க்கும் முறை’ என்று இதனை நாம் அழைக்கலாம். நல்லதை எதிர்பார்க்கிறது, ஆனால் சோதிக்காமல் விடுவதில்லை.

இதற்கு வேண்டுவது ஓர் எண் மட்டுமே. ஒவ்வொரு பதிவிலும் மற்ற விவரங்களோடு ‘திருத்த எண்’ ஒன்று இருக்கவேண்டும். பதிவு திருத்தப்படும்போதெல்லாம் அவ்வெண் ஒன்று கூடவேண்டும். பதிவைத் திறப்பவருடைய திரைக்கு அந்த எண்ணும் சேர்ந்து செல்லும். அவர் சேமிக்கும்போது, ‘நான் பார்த்த எண் இது’ என்று அதனைத் திருப்பி அனுப்பவேண்டும். தரவுத்தளம் அந்த எண்ணைத் தன்னிடம் உள்ள எண்ணோடு ஒப்பிடும். ஒத்தால் எழுதும், ஒவ்வாவிடில் மறுக்கும்.

நம் உதாரணத்துக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். காலை 10 மணிக்குப் பதிவின் திருத்த எண் 7. இரு அலுவலருடைய திரைகளுக்கும் 7 என்ற எண்ணே செல்கிறது. 10.10க்கு வட்ட அலுவலர் 7 என்ற எண்ணோடு சேமிக்கிறார். தரவுத்தளத்திலும் 7 இருக்கிறது. ஆகவே மகனுடைய பெயர் ஏற்கப்பட்டு, எண் 8 ஆகிறது. 10.20க்குக் கிராம அலுவலரின் திருத்தம் 7 என்ற எண்ணோடு வருகிறது. இப்போது தரவுத்தளத்தில் இருப்பதோ 8. ‘தாங்கள் பார்த்த பின்னர் இப்பதிவு மாறிவிட்டது’ என்ற செய்தி அவருக்குச் செல்கிறது. உழவருடைய பெயர் காக்கப்படுகிறது.

இங்கு ஒரு நுட்பத்தை ஊன்றி நோக்கவேண்டும். எண்ணை ஒப்பிடுதலும் புதியதை எழுதுதலும் ஒரே கட்டளையில், பிரிக்க இயலாதபடி நிகழவேண்டும். முதலில் எண்ணைப் பார்த்துவிட்டு, அடுத்த கட்டளையில் எழுதுவோமாயின், இரண்டுக்கும் இடைப்பட்ட நொடிப்பொழுதில் மற்றொருவர் நுழைந்துவிடக்கூடும். ‘எண் இன்னும் 7 ஆக இருந்தால் மட்டும் எழுதி, 8 ஆக்குக’ என்பதே சரியான கட்டளை. அதற்குத் தரவுத்தளம், எத்தனை பதிவுகள் மாறின என்று விடை கூறும். ‘ஒன்று’ என்றால் திருத்தம் நிறைவேறிற்று. ‘பூஜ்யம்’ என்றால் வேறொருவர் முந்திக்கொண்டார், அல்லது அப்பதிவே நீக்கப்பட்டுவிட்டது என்று பொருள். பூஜ்யம் என்ற இவ்விடையைக் கவனியாது ‘சேமிக்கப்பட்டது’ என்று திரையில் காட்டும் மென்பொருள், சோதனையை வைத்துக்கொண்டே அதனைப் பயனற்றதாக்கிவிடுகிறது.

இணையத்தை வகுத்தவர்களும் இம்முறையை ஏற்றுக்கொண்டுள்ளனர். 1997ஆம் ஆண்டில் வெளிவந்த இணையப் பரிமாற்ற விதிகளிலேயே, பக்கத்துக்கு ஓர் அடையாளக் குறியிட்டு அனுப்பவும், அக்குறி மாறாதிருந்தால் மட்டுமே திருத்தத்தை ஏற்கவும் வழி செய்யப்பட்டது. மாறியிருந்தால் 412 என்ற எண்ணுடைய மறுப்பு வரும். முன்கூட்டி விதித்த நிபந்தனை பொருந்தவில்லை என்பது அதன் பொருள். 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுவோரும் இத்தகைய எச்சரிக்கையைக் கண்டிருப்பர். ஒரே கட்டுரையின் ஒரே பகுதியை இருவர் திருத்தினால், பிந்தியவருக்கு இரு வடிவங்களும் காட்டப்படுகின்றன.

நம் போடி வட்டாரத்துக்கு இக்கருத்து புதிதன்று. போடிநாயக்கனூரிலும் கேரளத்துப் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலம் விடப்படுகிறது. கிலோவுக்கு ரூ. 2,400 என்று விலை நிற்கும்போது ஒருவர் ரூ. 2,410 என்றும், அவர் கேட்டதை அறியாத மற்றொருவர் ரூ. 2,405 என்றும் கேட்பதாகக் கொள்வோம். 2,410 முதலில் வந்து சேர்ந்துவிட்டால், 2,405ஐ ஏற்கலாகாது. இரண்டாமவர் பார்த்த விலை பழையதாகிவிட்டது. அதனை ஏற்றால் விளைவித்தவருக்குக் கிலோவுக்கு 5 ரூபாய் நட்டம். கடைசியாக வந்தது என்பதற்காக ஒன்றை ஏற்பது முறையாகாது என்பதை ஏலம் நமக்கு நன்கு விளக்குகிறது.

நேரத்தைக் கொண்டு பார்க்கலாகாதா?

எண்ணுக்குப் பதிலாக, கடைசியாகத் திருத்திய நேரத்தைக் குறித்து வைத்து ஒப்பிடுவோரும் உளர். அதுவும் பெரும்பாலும் பயன்படும். ஆயினும் சில குறைகள் உண்டு. நேரம் நொடிக் கணக்கில் மட்டும் குறிக்கப்பட்டால், ஒரே நொடியில் நிகழ்ந்த இரு திருத்தங்கள் ஒன்றேபோல் தோன்றும். அவரவர் கைப்பேசியின் கடிகாரத்தை நம்பினாலோ, கடிகாரம் பிந்திய கைப்பேசி குழப்பம் விளைவிக்கும். எண்ணுக்கு இக்குறைகள் இல்லை. திருத்திய நேரத்தையும் திருத்தியவர் பெயரையும் பதிவில் வைத்திருத்தல் அவசியமே. ஆனால் அது மனிதர் படிப்பதற்கு. ஒப்பிடுவதற்கு எண்ணே சிறந்தது.

பழைய விவரங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பது மற்றொரு வழி. நாம் பார்த்த பெயரும் பரப்பும் இன்னும் அப்படியே உள்ளனவா என்று கேட்பது. இதிலும் ஓர் இடைவெளி உண்டு. பரப்பு 2.40 ஏக்கரிலிருந்து 2.04 ஆகத் தவறுதலாக மாற்றப்பட்டு, மீண்டும் 2.40 ஆகத் திருத்தப்பட்டால், ஒன்றும் நிகழாததுபோல் தோன்றும். திருத்த எண்ணோ 7இலிருந்து 9க்குச் சென்றிருக்கும். நடந்ததை அது மறைப்பதில்லை.

பிணக்கு தெரிந்தபின் செய்யவேண்டியது

கண்டறிந்தால் மட்டும் போதாது. ‘பிழை’ என்று ஒரு சொல்லைக் காட்டிவிட்டு, அலுவலர் அரைமணி நேரம் உழைத்து எழுதியதை அழித்துவிடும் மென்பொருளை யாரும் விரும்பமாட்டார்கள். அடுத்தமுறை அவர் அவசரத்தில் எதையும் படியாமல் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொள்வார். நல்ல ஏற்பாடு மூன்றினை அருகருகே காட்டவேண்டும்: அவர் திறந்தபோது இருந்தது, இப்போது இருப்பது, அவர் எழுத முனைந்தது. இடையில் மாற்றியவர் யார், எப்பொழுது மாற்றினார் என்பதையும் தெரிவிக்கவேண்டும். அவர் பார்த்து முடிவு செய்தபின் புதிய எண்ணோடு மீண்டும் அனுப்பலாம்.

ஒருவர் பெயரையும் மற்றவர் பயிரையும் மாற்றியிருந்தால், இரண்டையும் கணிப்பொறியே சேர்த்து வைத்துக்கொள்ளலாம் அன்றோ? சேர்க்கலாம், ஆனால் எச்சரிக்கையோடு சேர்க்கவேண்டும். பயிரும் பெயரும் ஒன்றையொன்று சாராதவை. பரப்பும் தீர்வையும் அப்படியன்று. ஒன்று மாறினால் மற்றதும் மாறவேண்டும். சார்புடைய விவரங்களைத் தனித்தனியே இணைத்தால் தாயும் பிள்ளையும் பொருந்தாத கணக்கு உண்டாகும். எவை ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை மென்பொருள் எழுதுபவர் அறியமாட்டார். நிலக்கணக்கில் பழகியவரே அறிவார். அவரைக் கலந்துகொள்ளாமல் இம்முடிவை எடுத்தல் கூடாது.

இரு பதிவுகளுக்கு இடையே மறையும் பிணக்கு

இதுகாறும் கூறியது ஒரே பதிவைப் பற்றியது. இதனினும் நுண்ணிய பிணக்கு ஒன்று உண்டு. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அதனைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். ஊராட்சி ஒன்றிடம் ஒரு நிதியில் ரூ. 5,00,000 இருப்பதாகக் கொள்வோம். குடிநீர்க் குழாய்க்கு ரூ. 3,00,000 ஒதுக்க ஒருவர் பதிவு செய்கிறார். அதே வேளையில், சாலைக்கு ரூ. 3,50,000 ஒதுக்க மற்றொருவர் பதிவு செய்கிறார். இருவருமே நிதியில் 5,00,000 இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்தவர்கள். இரண்டும் வெவ்வேறு பதிவுகள். ஒன்றின் திருத்த எண்ணை மற்றது தொடவில்லை. ஆகவே இரண்டும் ஏற்கப்படுகின்றன. மொத்தமோ ரூ. 6,50,000!

இதற்குப் பரிகாரம், பொதுவான நிதிப் பதிவுக்கும் ஒரு திருத்த எண் இருந்து, ஒவ்வொரு ஒதுக்கீடும் அதனை ஒன்று கூட்டவேண்டும் என்பதே. அப்போது இரண்டாவதாக வருபவர் மறுக்கப்பட்டு, மீதம் ரூ. 2,00,000 மட்டுமே உள்ளது என்பதை அறிவார். ஒரு புலத்தை உட்பிரிவு செய்யும்போதும் இதே விதி பொருந்தும். உட்பிரிவுகளின் பரப்பைக் கூட்டினால் தாய்ப் புலத்தின் பரப்புக்குச் சமமாக வேண்டும். ஆதலின் உட்பிரிவு எதனைத் தொட்டாலும் தாய்ப் புலத்தின் எண்ணும் மாறவேண்டும்.

வரவு செலவில் வேறொரு நல்ல பழக்கமும் உண்டு. மீதத் தொகையை அழித்து எழுதாமல், ஒவ்வொரு வரவையும் ஒவ்வொரு செலவையும் தனி வரியாகச் சேர்த்துக்கொண்டே போவது நம் கணக்குப்பிள்ளைகளின் வழக்கம். வீட்டு வரி ரசீதுகள் இரண்டு ஒரே நேரத்தில் போடப்பட்டாலும், இரண்டும் தனித்தனி வரிகளாக நிற்கும், ஒன்றையொன்று அழிக்கமாட்டா. கணிப்பொறிக்கும் இதுவே உகந்த வழி.

மலைச்சரிவில் மறையும் சிக்னல்

போடி வட்டாரத்தில் மற்றொரு நிலைமையையும் எண்ணவேண்டும். குரங்கணி, கொட்டகுடி, போடிமெட்டு முதலிய மலைச்சரிவுகளில் கைப்பேசிச் சிக்னல் எங்கும் ஒரே சீராகக் கிடைப்பதில்லை. காலையில் தோட்டத்தில் எழுதிய விவரம், மாலையில் அடிவாரத்துக்கு வந்தபின்னரே சர்வர் எனப்படும் தலைமைக் கணிப்பொறியை அடையக்கூடும். நகல் எடுத்த நேரத்துக்கும் சேமிக்கும் நேரத்துக்கும் இடையே பத்து நிமிடத்துக்குப் பதில் பத்து மணி நேரம் கழிகிறது. இடைவெளி நீளநீளப் பிணக்கு நேரும் வாய்ப்பும் பெருகும். இங்குத் திருத்த எண் இல்லாத மென்பொருளைப் பயன்படுத்துவது, கரையில்லாத வாய்க்காலில் நீர் விடுவதை ஒக்கும்.

இன்னொன்றும் உண்டு. சேமிக்கும் பொத்தானை அழுத்தியபின் சிக்னல் அறுந்தால், திருத்தம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரிவதில்லை. கைப்பேசி மீண்டும் அனுப்புகிறது. முதல் முறையே போய்ச் சேர்ந்திருந்தால், எண் 8 ஆகியிருக்கும். இரண்டாம் முறை வந்தது 7 என்பதால் மறுக்கப்படும். தம்முடைய திருத்தத்தோடு தாமே பிணங்கியதாக அலுவலருக்கு எச்சரிக்கை வரும்! இதனைத் தவிர்க்க, அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி அடையாள எண் இடவேண்டும். அதே அடையாள எண் மீண்டும் வந்தால், ‘முன்னரே ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று பதில் கூறினால் போதும்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் மென்பொருள் வல்லுநர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் வாளா இருத்தல் தகாது. அண்டை மாநிலமான கர்நாடகம் ‘பூமி’ என்னும் திட்டத்தின் வாயிலாக நிலப் பதிவேடுகளைக் கணிப்பொறிக்கு மாற்றியபோது, பெயர் மாற்ற மனுக்களை வந்த வரிசைப்படியே எடுக்கவேண்டும் என்றும், திருத்துபவர் தம் கைரேகையால் தம்மை அடையாளம் காட்டவேண்டும் என்றும் ஏற்பாடு செய்தது. பதிவேட்டின் நம்பகம் நிருவாக ஒழுங்கிலும் இருக்கிறது, இயந்திரத்தில் மட்டும் இல்லை என்பதற்கு இது தக்க சான்று.

எனவே, ஊராட்சிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கோ புதிய மென்பொருள் வாங்கும்போது பின்வருமாறு சோதித்துப் பார்க்கவேண்டும். பயிற்சிக்கென அமைந்த பதிவு ஒன்றை இரு கணிப்பொறிகளில் ஒரே சமயத்தில் திறக்கச் செய்க. ஒன்றில் பெயரை மாற்றிச் சேமிக்க. பிறகு மற்றதில் பயிரை மாற்றிச் சேமிக்க. இரண்டாவதும் ஒரு சொல்லும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டால், பதிவை மீண்டும் திறந்து பெயரைப் பார்க்க. பழைய பெயர் திரும்பியிருந்தால் அந்த மென்பொருளை அந்நிலையில் ஏற்கலாகாது. இச்சோதனைக்கு ஐந்து நிமிடமும் இரு கணிப்பொறிகளும் போதும், பட்டப்படிப்பு வேண்டுவதில்லை. உண்மையான பதிவுகளில் மட்டும் இதனைச் செய்து பார்த்தல் கூடாது.

அடுத்து, ஒவ்வோர் ஊழியருக்கும் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கவேண்டும். அலுவலகம் முழுவதும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால், பிணக்கு நேர்ந்த நாளில் யார் எதை மாற்றினார் என்று அறியும் வழி அடைபட்டுப்போகும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்பிருந்த வடிவம் அழியாமல் வரலாறாகக் காக்கப்படுகிறதா என்றும் கேட்கவேண்டும். காலையில் திறந்த பக்கத்தை மாலைவரை அப்படியே வைத்திராமல், எழுதத் தொடங்குமுன் புதிதாகத் திறந்துகொள்ளும் பழக்கத்தை ஊழியர்களிடம் வளர்த்தல் நலம். எச்சரிக்கைச் செய்தி வந்தால் அதனைப் படித்தறியாது மேலே செல்லலாகாது.

விவசாயப் பெருமக்களும் தம் பங்கைச் செய்யவேண்டும். மனுச் செய்தபோது தரப்படும் விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். பட்டா மாறிவிட்டது என்று அறிந்தவுடன் அதன் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். அத்துடன் நில்லாது, கடனுக்கோ பயிர்க் காப்பீட்டுக்கோ செல்லுமுன் மீண்டும் ஒருமுறை இணையத்தில் பெயரையும் பரப்பையும் சரிபாருங்கள். மாறுபாடு தென்பட்டால் நாளைக் கடத்தாமல், நகலோடு கிராம நிருவாக அலுவலரிடமோ வட்ட அலுவலகத்திலோ தெரிவியுங்கள். ஜமாபந்தி நாள் அதற்குரிய நல்ல வாய்ப்பாகும்.

கணிப்பொறி விரைவாக எழுதும். ஆனால் எழுதியது சரியா என்பதை அது தானாக அறிவதில்லை. அறியும்படி நாம் விதி வகுத்துக் கொடுக்கவேண்டும். பதிவுதோறும் ஓர் எண்ணும், அதனை ஒப்பிடும் ஒரு கட்டளையும், மறுக்கப்பட்டவருக்குப் பொறுமையாக விளக்கம் கூறும் ஒரு திரையும் இருந்தால், பொட்டிபுரத்து உழவரின் பெயர் மலையடிவாரத்தில் எழுதப்பட்ட பயிரால் அழிந்துபோகாது. இரு கைகள் ஒரே கணக்கில் எழுதலாம். ஒன்றையொன்று அறிந்து எழுதவேண்டும். அந்த ஒழுங்கை நம் ஊர்தோறும் நிலைநாட்டப் பஞ்சாயத்துகள் முன்வருமாக.